துத்தநாக-காற்று மின்கலத்துக்கு அயனித் திரவ மின்பகுளி: தயாரிப்பும் சோதனையும்

துத்தநாக-காற்று மின்கலத்தில் வழக்கமாக நிரப்பப்படும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சிக் கார்பனேட்டாக மாறுகிறது. நீர் ஆவியாகிக் கலம் வற்றுகிறது. மின்னேற்றத்தின்போது துத்தநாகம் கிளைப்படிகங்களாக வளர்ந்து குறுக்குச்சுற்றை உண்டாக்குகிறது. இதற்கு மாற்றாக ஆராயப்படும் அயனித் திரவம் என்பது முற்றிலும் அயனிகளாலான, 100 டிகிரி செல்சியசுக்குக் கீழே உருகும் உப்பாகும். அது அநேகமாக ஆவியாவதே இல்லை. இவ்வகைத் திரவங்களுள் பாகுநிலை குறைந்து, கடத்துதிறன் மிகுந்துள்ள 1-எத்தில்-3-மெத்தில்இமிடசோலியம் டைசயனமைடு தொடங்குவோருக்கு ஏற்றது.

முதற்பணி தூய்மையைச் சரிபார்ப்பது. நல்ல திரவம் நிறமற்றோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும். தயாரிப்பின்போது தங்கிவிடும் குளோரைடு மின்முனை வினைகளைக் குழப்பும் என்பதால் அதன் அளவை அறிவது இன்றியமையாதது; ஆனால் பலர் கைக்கொள்ளும் சில்வர் நைட்ரேட் சோதனை இங்கு உதவாது, ஏனெனில் டைசயனமைடும் சில்வருடன் கரையாத வீழ்படிவைத் தருகிறது. ஆகவே அயனி நிறப்பிரிகை முறையே தக்கது.

அடுத்து, திரவத்தைக் காந்தக் கலக்கியால் கலக்கியவாறே வெற்றிடத்தில் ஏறத்தாழ 60 டிகிரியில் ஒரு முழுநாள் உலர்த்த வேண்டும். அளவுமீறிச் சூடேற்றினால் திரவம் சிதைந்து பழுப்பாகும். பின்னர் ஆர்கான் நிரம்பிய கையுறைப் பெட்டியில் துத்தநாக டைசயனமைடைச் சேர்த்து, முழுவதும் கரையும்வரை கலக்க வேண்டும்.

இதன்பின் வருவதே முழுப் பணிக்கும் அச்சாணியான படி. நீர் அறவே இல்லாத திரவமே சிறந்தது என்ற எண்ணம் துத்தநாகத்தைப் பொறுத்தவரை சரியன்று. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட முடிவுகள், இதே திரவத்தில் எடையளவில் சுமார் 3 விழுக்காடு நீர் இருக்கும்போது துத்தநாகம் கூடுதல் மின்னோட்ட அடர்த்தியிலும் செவ்வனே படிந்து கரைவதைக் காட்டின. துத்தநாக உப்பைக் கணக்கில் கொள்ளாவிட்டால், இது ஏறத்தாழ மூன்று அயனி இணைகளுக்கு ஒரு நீர் மூலக்கூறு என்ற விகிதமே. நீர் தனித்துத் திரளாமல் அயனிகளிடையே பிணைந்து நிற்கிறது. கரைசலில் முன்பே உள்ள நீரைக் கார்ல் ஃபிஷர் தரம்பார்த்தலால் அளந்து கழித்தபிறகே புதிதாகச் சேர்க்க வேண்டும்: 9.7 கிராம் கரைசலில் 0.1 விழுக்காடு நீர் இருந்தால், சேர்க்க வேண்டியது 0.3 கிராம் அன்று, 0.29 கிராம். "உலர்த்தப்பட்டது" என்று மட்டும் எழுதி, அளவைக் குறிக்காத ஆய்வேட்டைக் கொண்டு வேறெவரும் அச்சோதனையை மீண்டும் செய்ய இயலாது.

சோதனைக் கலத்தில் கண்ணாடிக் கார்பன் செயல் மின்முனையாகவும், பிளாட்டினம் துணை மின்முனையாகவும், உப்புத்தாளால் ஆக்சைடு நீங்கத் தேய்த்த துத்தநாகக் கம்பி ஒப்பீட்டு மின்முனையாகவும் அமையலாம். மின்னழுத்தத்தைச் சீரான வேகத்தில் ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் சுழல் வோல்டாமெட்ரியை வினாடிக்கு 20 மில்லிவோல்ட் போன்ற மெதுவான வேகத்தில் நிகழ்த்துவது நல்லது, ஏனெனில் இத்திரவத்தில் அயனிகள் நீரில் நகர்வதைவிட மிக மெல்லவே நகர்கின்றன. மின்னழுத்தம் எதிர்மறைத் திசையில் செல்லும்போது துத்தநாகம் படியத் தொடங்கும். திரும்பி வரும் கோடு முன்சென்ற கோட்டைக் குறுக்கே வெட்டினால், புதிய பரப்பில் முதற்படிகக் கருக்கள் தோன்றக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்பட்டது என்று பொருள். கரையும்போது கிடைத்த மின்னூட்டத்தைப் படியும்போது செலவான மின்னூட்டத்தால் வகுத்தால் சுழற்சித் திறன் கிடைக்கும். அது சுழற்சிக்குச் சுழற்சி சரிந்தால், படிவின் ஒரு பகுதி தொடர்பற்று உதிர்கிறதா, திரவமே சிதைகிறதா என்று ஆராய வேண்டும்.

காற்று மின்முனைக்கான சோதனையில் ஆக்சிஜனைச் செலுத்தும்போதும் நீரே முடிவை நிர்ணயிக்கிறது. உலர்ந்த திரவத்தில் ஆக்சிஜன் ஓர் எலக்ட்ரானை ஏற்றுச் சூப்பராக்சைடாகி, இமிடசோலியம் வளையத்தைத் தாக்குகிறது. புரோட்டான் தரும் நீர் இருந்தால் வினை அந்நிலையில் நில்லாமல் மேற்செல்கிறது. உலர்ந்த வாயு நீரைக் கவர்ந்து செல்லும், ஈரவாயு நீரைச் சேர்க்கும் என்பதால், சோதனை முடிந்ததும் நீரளவை மறுபடியும் அளந்து, தொடக்க அளவையும் இறுதி அளவையும் முடிவுகளோடு சேர்த்துப் பதிய வேண்டும். எஞ்சிய திரவத்தைக் கழிவுநீரில் கொட்டாமல், அமிலக் கழிவுகளோடும் கலக்காமல், தனிக் கலனில் பெயரிட்டுச் சேகரிப்பது கட்டாயம்.