பிறர் துயர் கேட்கும் பிள்ளைகள்



நம் வியாபாரிகளின் வீடுகளிலிருந்து மனநல ஆலோசகர் வேலைக்கும் இப்பொழுது பிள்ளைகள் போகிறார்கள். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, மலேசியாவில் அத்தொழில் செய்வோர் ஆலோசகர் வாரியத்தில் பதிவு செய்து சான்று பெற வேண்டும். ஆயினும் நம்மில் சிலர், "உட்கார்ந்து பேசுவதற்கா சம்பளம்?" என்கிறோம். உறவுக்காரப் பெண்பிள்ளை ஒருத்தி வேலைவிட்டு வந்து சோற்றில் கை வைக்காதிருந்தபோது நாமும் அப்படிக் கேட்டுவிட்டோம். அவள் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். அதன் பிறகே விசாரித்து அறிந்தோம்.

பிறர் துயரைத் தம் துயர்போல் உணராமல் இத்தொழில் நடவாது. ஆனால் புதிதாய் வந்தவர், கேட்ட துயரையெல்லாம் வீட்டுக்குச் சுமந்து வந்தால் உறக்கம் கெடும். நாளடைவில் மனம் மரத்துப்போகும். இந்த இரக்கச் சோர்வைப் பற்றி 1995-இல் அமெரிக்க அறிஞர் சார்ல்ஸ் ஃபிக்லி ஒரு நூலே தொகுத்து வெளியிட்டார்.

இதற்குப் பரிகாரம் யாது? பிறர் நோவைக் கண்டு தாமும் நோவது ஒன்று. அவர் நலம்பெற வேண்டுமென விழைவது மற்றொன்று. முன்னது மனத்தைச் சோர்விக்கும், பின்னது தெம்பளிக்கும் என்று தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி என்னும் ஆய்வாளர்கள் 2014-இல் எழுதினர். கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு போடுபவன் கரையில் காலூன்றி நிற்கவேண்டும் அன்றோ!

அடுத்தது, மூத்த ஆலோசகர் ஒருவரிடம் தவறாமல் மஷூரா செய்தல். கடைக்குப் புதிதாய் வந்த பையன் இரவில் முதலாளியிடம் கணக்கு ஒப்பிப்பதில்லையா? ஒப்பித்த பின்புதான் அவனுக்கு நிம்மதி. இவர்களுக்கும் அப்படியே.

சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அறிஞர் அபூ ஸைது அல்பல்கீ, உடல் நலத்தையும் மன நலத்தையும் ஒரே நூலில் எழுதினார். அவசரத்துக்கு மருந்து சேமிப்பதுபோல், மனம் தெளிந்திருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்கச் சொன்னார்.

தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு மலேசியாவில் 2023-இல் நீக்கப்பட்டது. தண்டனைக்கு அஞ்சி மறைத்தவர்கள் இனி வாய்திறப்பார்கள். கேட்பதற்கு ஆள் வேண்டுமே! இளைஞர்கள் சோர்ந்து தொழிலை விட்டுவிட்டால், நஷ்டம் யாருக்கு? நாளை நம் வீட்டுப் பிள்ளையே ஆறுதல் தேடிப் போகலாம்.

ஆகவே வீட்டார் செய்யவேண்டியவை சிலவே. பிறர் சொன்ன இரகசியம் அமானிதம். அதைத் துருவிக் கேட்கக் கூடாது. தொழுகைக்கும் உறக்கத்துக்கும் நேரம் விடவேண்டும். மாலையில் பாடாங் கோத்தா கடற்காற்றுக்கு அழைத்துப் போகலாம். பரிகாசம் கூடவே கூடாது.

மறுநாள் அவள் வந்தபோது நாம் வேறொன்றும் கேட்கவில்லை. "பசியாறினாயா, மகளே?" என்றோம். உட்கார்ந்து சாப்பிட்டாள்.

வஸ்ஸலாம்.