48 லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து அறிவியல் ஆசிரியர் இர்வ் கார்டன், 1966-இல் வோல்வோ பி1800எஸ் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். 2013-இல் அது 30 லட்சம் மைலை, அதாவது சுமார் 48 லட்சம் கி.மீ. தூரத்தை எட்டியது. நிலவுக்கு ஆறு முறை போய்வரும் தூரம்!

இது எப்படி முடிந்தது? பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் நின்று உராய்வைக் குறைக்கிறது, வெப்பத்தையும் கடத்துகிறது. நாளடைவில் புகைக்கரி, உலோகத் துகள்கள், அமிலம் ஆகியவை அதில் சேர்கின்றன. பிறகு, காக்க வேண்டிய எண்ணெயே உலோகத்தைத் தேய்க்கும், அரிக்கும். ஆகவே கார்டன், சுமார் 5,000 கி.மீ.க்கு ஒரு முறை எண்ணெயையும் வடிகட்டியையும் தவறாமல் மாற்றினார். 6,80,000 மைல் ஓடிய பிறகே எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க நேர்ந்தது.

சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விடுமுன் பழைய கறுப்புப் பிசுக்கை ஏன் துடைக்க வேண்டும்? இப்போது நீங்களே சொல்லலாம் அல்லவா?