அழைத்த நண்பர் வீட்டுக்குப் போகும் முன்

ஹனோயில் எட்டுப் பேர் படுக்கும் ஹாஸ்டல் அறையில் பழக்கமான ஜெர்மன் தோழி, “லைப்ஸிக் வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்கணும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பிரான்ஸில் லியோனிலிருந்து வந்த இன்னொரு நண்பரும் அதையே சொன்னாராம். மரியாதைக்குச் சொன்னதா, மனதாரச் சொன்னதா என்று தெரியாமல் எழுதியிருக்கிறீர்கள்.

கிளம்புங்கள். ஆனால் “எப்போது வரலாம்?” என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. “வியாழக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பலாம் என்றிருக்கிறேன். உனக்குத் தோதுப்படாவிட்டால் பக்கத்தில் ஹாஸ்டலில் தங்கிக்கொள்கிறேன், மாலையில் சந்திக்கலாம்” என்று இரண்டு மாதம் முன்பே எழுதுங்கள். மனதாரக் கூப்பிட்டவர் உடனே பதில் போடுவார். முடியாதவருக்கும் சங்கடமில்லாமல் மறுக்க வழி கிடைக்கும். ஒருமுறை நான் “சில நாள் தங்குவேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு நண்பனின் ஒற்றை அறை வீட்டில் போய் இறங்கினேன். அவனுக்கு அது பரீட்சை வாரம். கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு ஐந்து இரவு சமையலறைத் தரையில் படுத்தான். அதன்பிறகு யார் வீட்டிலும் மூன்று இரவுக்கு மேல் நான் தங்குவதில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது லைப்ஸிக்குக்கும் பொருந்தும்.

இனி விசா. நட்பு கசந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாடு. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குத் தள்ளிப்போடக் கூடாது. கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் செல்லும்படி இருக்க வேண்டும்.

விவரம் தெரிந்த யாராவது உங்களிடம், “ஜெர்மன் தோழியிடம் ‘ஃபெர்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்ளேருங்’ வாங்கிவிடு, விசா சுலபமாகக் கிடைக்கும்” என்பார்கள். அவசரப்படாதீர்கள். அது வெறும் அழைப்புக் கடிதம் இல்லை. உங்கள் தோழி தன் ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு நேரில் போய், சம்பளச் சான்று காட்டி, 29 யூரோ கட்டி, கையெழுத்துப் போட்டுத் தரும் சட்டப்பூர்வமான உறுதிமொழி. நீங்கள் அங்கே நோயில் விழுந்து அரசு செலவு செய்ய நேர்ந்தால், அந்தப் பணத்தை அரசு அவரிடம் கேட்கும். பத்து நாள் பழகிய ஒருவரின் தலையில் இதை ஏற்றுவது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். வங்கியில் உங்கள் பெயரில் போதிய பணத்தையும், வேலைக்கோ படிப்புக்கோ திரும்புவதற்கான சான்றையும் காட்டுங்கள். தோழியிடம் எந்தத் தேதிகளில் தன் வீட்டில் தங்குகிறீர்கள், எப்படிப் பழக்கம் என்று எழுதிய சாதாரணக் கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும் கேட்டால் போதும். பணம் போதவில்லை என்றால் பயணத்தை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.

பிரான்ஸில் கதை வேறு. தனியார் வீட்டில் தங்குவதாகச் சொன்னால் ‘அத்தெஸ்தாஸியோன் தக்கேய்’ என்ற சான்றை உங்கள் நண்பர் தன் ஊர் நகர்மன்றத்தில் வாங்க வேண்டும். 30 யூரோவும் சில வாரக் காத்திருப்பும் ஆகும். அந்த 30 யூரோவை நீங்கள் அனுப்பிவிடுங்கள். அவரால் அலைய முடியாது என்றால் லியோனில் உண்மையாகவே ஹாஸ்டல் எடுத்துத் தங்குங்கள். ஹோட்டல் பதிவைக் காட்டி விசா வாங்கிவிட்டு, பிறகு அதை ரத்து செய்து நண்பர் வீட்டில் தங்கும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். எல்லையில் அதிகாரி தங்குமிடம் கேட்பார், சொல்வது முரண்பட்டால் விசாவையே ரத்து செய்யும் அதிகாரம் அவருக்கு உண்டு.

பரிசு வாங்குவதிலும் கவனம் தேவை. பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகத் தடை. பால்கோவா, நெய் இரண்டையும் மறந்துவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் அனுமதியில்லை. கடலை மிட்டாய் கொண்டுபோகலாம், ஆனால் வீட்டில் யாருக்காவது நிலக்கடலை ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேளுங்கள். என் கணக்கில் சிறந்த பரிசு ஒரு பாக்கெட் காபித்தூளும் சின்ன பில்டரும். முதல் நாள் காலையிலேயே டிகாஷன் இறக்கிக் காட்டிவிடலாம்.

ஒரு வேளை நீங்கள் சமையுங்கள். ஜெர்மன் வீடுகளில் இரவுச் சாப்பாடு பல நேரம் ரொட்டியும் சீஸும்தான், ரசம் சோறு அவர்களுக்குத் திருநாள். தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்துங்கள். படுக்கையறையிலும் நடைவழியிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருப்பது அங்கே சட்டம். மிளகாய் வற்றல் புகைக்கு அது அலறினால் மாடிக்குடித்தனம் முழுக்க வாசலுக்கு வந்துவிடும். காய்கறி சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. தண்ணீர் பாட்டிலை நசுக்கிக் குப்பையில் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் முன்பணம் உண்டு. கடையில் இருக்கும் இயந்திரத்தில் பாட்டிலை வைத்தால், பட்டைக்குறியீட்டைப் படித்துச் சீட்டுத் தரும். நசுங்கிய பாட்டிலை அது ஏற்காமல் போகலாம். கிளம்பும் நாளில் போர்வை உறையையும் தலையணை உறையையும் கழற்றி மடித்து, துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வையுங்கள்.

நாளைக்கே அந்தத் தோழி உங்கள் வீட்டுக்கு வரலாம், வரட்டும். இந்தியாவில் வெளிநாட்டவர் ஒருவர் வீட்டில் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு இணையம் வழியே தெரிவிக்க வேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு. ஹோட்டலுக்கு மட்டுமான விதி என்று பலர் நினைக்கிறார்கள், நம் வீட்டுக்கும் அது உண்டு. அவர் ரயில் ஏறும் முன்பே பாஸ்போர்ட், விசா நகல்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் உங்கள் வீட்டுக்கான கணக்கையும் முன்கூட்டியே தொடங்கிவிட்டால், அவர் வந்து இறங்கும் நாளில் நீங்கள் கணினி முன் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.