டீசல் பிக்கப்புக்கு எக்ஸ்ட்ராக்டர் தேவையா?

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்கு ஏறியது. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றிப் பிழைப்பவர்களுக்கு அது பெரிய அடி. எண்ணெயை மிச்சம் பிடிக்க வழி தேடி ஈப்போவுக்கு வண்டியைக் கொண்டுபோகிறவர்களிடம் சில பட்டறைகளில் எக்ஸ்ட்ராக்டர் போடச் சொல்கிறார்கள். வெளியூரில் இதையே ஹெட்டர் என்பார்கள்.

நம்பிக்கை: என்ஜினிலிருந்து வரும் புகையைத் திரட்டும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றி, நீண்ட குழாய்களாலான எக்ஸ்ட்ராக்டர் போட்டால் இழுவை கூடும், எண்ணெய் மிச்சமாகும்.

டர்போ இல்லாத பெட்ரோல் காரில் இது பொய்யில்லை. நிமிடத்துக்கு 6000 சுற்றை நெருங்கி ஓடும் என்ஜினில், ஒரு சிலிண்டரின் புகை பாய்ந்து போகும் வேகம் அடுத்த சிலிண்டரில் தங்கிய புகையையும் உறிஞ்சி இழுக்கும். குழாய்களை அளந்து வளைப்பது அதற்காகத்தான்.

டீசல் பிக்கப்பில் புகை நேரே வெளியே போவதில்லை. மேனிஃபோல்டைத் தாண்டியதும் டர்போ சக்கரத்தில் மோதுகிறது. அங்கே வாசல் குறுகல். அதற்கு முன்னால் எவ்வளவு அகலமான குழாய் போட்டாலும் அந்த வாசல் அகலாது. சக்கரத்தைச் சுற்றுவதோ புகையின் அழுத்தமும் சூடும். பாரத்தோடு மேடேறும்போது சூடு 600, 700 டிகிரி செல்சியஸ் வரை போகும். குட்டையான, கனத்த வார்ப்பிரும்பு அந்தச் சூட்டைக் காத்து டர்போவிடம் சேர்க்கிறது. நீண்ட மெல்லிய குழாய்கள் அதை வழியிலேயே இழந்துவிடும். டர்போ எழத் தாமதமாகும். போதாக்குறைக்கு டர்போவின் பாரத்தையும் அந்த இரும்புதான் தாங்குகிறது. மெல்லிய குழாயில் அதைத் தொங்கவிட்டு, குண்டும் குழியுமான தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்டினால் வெல்டிங் வைத்த இடம் விரிசல் விடும்.

பிக்கப்புக்கு வேண்டிய இழுவை தாழ்ந்த சுற்றில்தான் இருக்கிறது. 2020இல் வந்த ஹைலக்ஸ் 2.8 லிட்டர் என்ஜின் 1600 முதல் 2800 சுற்றுக்குள்ளேயே 500 நியூட்டன் மீட்டர் தருகிறது. எக்ஸ்ட்ராக்டர் வேலை செய்யும் சுற்றுக்கு இந்த வண்டி போவதே இல்லை.

நம்பிக்கை: எக்ஸாஸ்டில் எங்கே கை வைத்தாலும் வீண்.

அதுவும் இல்லை. டர்போவுக்குப் பின்னால் உள்ள டவுன்பைப்பை அகலமாக்கினால் டர்போ சற்றுச் சீக்கிரம் எழும். ஆனால் பீய்ச்சும் டீசலின் அளவைத் தீர்மானிப்பது வண்டியின் கணினி. அதைத் திருத்தாமல் பெரிய மாற்றம் வராது. புகை வடிகட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டுவதை மட்டும் நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். அந்தக் கரியைச் சுவாசிப்பது நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

மேனிஃபோல்டு வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். காலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக்கென்று சத்தம் வரும், கேஸ்கட் ஓரத்தில் கரிக்கோடு தெரியும். அதற்கும் அதே வார்ப்பிரும்புச் சாமானே போதும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒரே பிக்கப், அதுதான் குடும்பத்துக்குச் சோறு. மேட்டில் இழுக்கவில்லை, கரும்புகை வருகிறது என்றதும் பட்டறையில் எக்ஸ்ட்ராக்டருக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் விலை சொல்லியிருக்கிறார்கள். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். இண்டர்கூலர் ரப்பர் குழாயின் கிளிப்புக்குக் கீழே எண்ணெய்ப் பிசுக்கு. விரலால் துடைத்தால் ஓர் அங்குல நீளத்துக்கு வெடிப்பு. டர்போ அமுக்கித் தள்ளிய காற்றெல்லாம் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. குழாயையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினார். மறுவாரம் குலை பாரத்தோடு, இரண்டாவது கியரில் திணறிய அதே மேட்டை மூன்றாவதில் ஏறினார்.