அடைமழை நாளும் ஒரு வேலை நாள்தான்

நம் கலவை ஊரில் பனி கொட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை. நம்மை வீட்டுக்குள் அடைப்பது ஐப்பசி, கார்த்திகை மழைதான். நிவர், மாண்டஸ், ஃபெஞ்சல் என்று பெயரோடு வரும் புயல் எங்கோ கரையைக் கடக்கும். மழை நம் கூரைக்கு வந்துவிடும். முப்பது வருஷம் வீட்டில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைத்தவள் நான். புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பிள்ளைகளே, அப்படிப்பட்ட நாளைப் பயத்திலும் தூக்கத்திலும் கழிக்காதீர்கள். கைக்கும் அடுப்புக்கும் காதுக்கும் அன்றைக்கு நிறைய வேலை இருக்கிறது.

1. முதல் வேலை, சுவரைப் பாருங்கள். மண் சுவரோ பழைய செங்கல் சுவரோ, நாள்கணக்கில் ஊறினால் சொல்லாமல் சாயும். 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். புது விரிசலோ உப்பிய சுவரோ கண்ணில் பட்டால் அந்த அறையில் படுக்காதீர்கள். ஒரு ராத்திரி சொந்தக்காரர் வீட்டில் தங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

2. கரண்ட் இருக்கும்போதே அரைப்பதை அரைத்து, குடிதண்ணீரைப் பிடித்து வைத்துவிடுங்கள். வாங்கிவர ஓட வேண்டாத சமையலாகச் செய்யுங்கள். முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, உப்புப் போட்டு வேகவைத்த மல்லாட்டை, கொள்ளு ரசம். கொள்ளை முதல் நாளே ஊறப்போடுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ரசத்துக்கு ருசியே அதில்தான்.

3. பிரியாணி கற்க மழை நாள் நல்ல நாள், அவசரம் இருக்காது. ஆம்பூர்ப் பிரியாணிக்கு நிறமும் காரமும் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதிலிருந்து வருகிறது. சீரகச்சம்பா அரிசியைத் தனியே முக்கால் பதத்தில் வடித்து, வெந்த கறியோடு சேர்த்து, மூடிமேல் தணல் போட்டுத் தம் விடுவார்கள். கேஸ் அடுப்பில் செய்பவர்கள் தோசைக்கல்லைப் போட்டு அதன்மேல் பாத்திரத்தை வைத்துத் தீயைக் குறையுங்கள். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் தம் நிற்காது. தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் மறக்காதீர்கள்.

4. கைவேலையில் முதலில் ஒயர் கூடை பின்னுங்கள். சாதா முடிச்சு கை பழகிய பிறகு பிஸ்கட், சிவன் கண், நெல்லிக்காய் என்று மேலே போகலாம். அடி சதுரமாக அமையாத கூடை கடைசிவரை கோணலாகத்தான் நிற்கும். அடியில் பிசகு தெரிந்தால் அங்கேயே அவிழ்த்துவிடுங்கள். பத்து வரிசை ஏறிய பிறகு மனசு வராது.

5. தோல் துண்டு கிடைத்தால் சாவிக்கொத்துப் பட்டையிலிருந்து ஆரம்பியுங்கள். துணியில் தப்பாகப் போட்ட தையலைப் பிரித்தால் ஓட்டை மறையும். தோலில் குத்திய ஓட்டை மூடாது. அதனால் முதலில் கோடு போட்டு, இடைவெளி அளந்து, பிறகுதான் குத்தூசியை எடுக்க வேண்டும். ஈரக் காற்றில் தோல் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். நனைந்தால் ஃபேன் காற்று போதும். அடுப்போரம் வைத்தால் விறைத்து வெடிக்கும்.

6. விறகு ஈரமாக இருக்கிறதே என்று தோல் கழிவை அடுப்பில் போடாதீர்கள். இன்று பெரும்பாலான தோல் குரோம் போட்டுப் பதனிட்டது. அதை எரித்தால் புற்றுநோய் உண்டாக்கும் குரோமியமாக மாறக்கூடும். புகை குழந்தையின் மூச்சில் போகும், சாம்பல் கிணற்றடிக்குப் போகும். தோலால் சோறு சாப்பிட்ட பூமி இது. அதன் கழிவால் பாலாறு பட்டபாடு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போனது. நம் வீட்டுக்குள் அந்தப் பாவம் வேண்டாம்.

7. பிள்ளைகளுக்கு மழை அளக்கக் கற்றுக்கொடுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமான கண்ணாடி ஜாடியை, மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். காலை 8.30க்கு ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள்; வானிலை மையமும் அந்த நேரத்தில்தான் கணக்கு எடுக்கிறது. 1 மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். பத்துக்குப் பத்து அடி மொட்டைமாடியில் 5 செ.மீ. பெய்தால் 460 லிட்டருக்கு மேல், இரண்டு டிரம் நிரம்பும். 2003இல் கட்டாயமாக்கிய மழைநீர்ச் சேகரிப்பு எதற்கு என்று அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள்.

8. அளந்த பிள்ளைக்குச் செய்தி விளங்கும். ஒரு நாளில் 7 செ.மீ. பெய்தால் கனமழை, 12 தொட்டால் மிகக் கனமழை, 20ஐத் தாண்டினால் அதிகனமழை. ஒரு கன அடி நீர்வரத்து என்றால் நொடிக்கு 28 லிட்டர். நம் ஊர் மழையை மட்டும் கேட்டால் போதாது. சித்தூர்ப் பக்கம் பெய்தால் பொன்னையாறு வழியாகப் பாலாற்றுக்கு வரும். 1903 நவம்பரில் பாலாறு புகுந்து வாணியம்பாடியில் சுமார் 200 பேரைக் கொண்டுபோனது. அங்கே நினைவுத் தூண் இன்னும் நிற்கிறது.

9. "புயல் வலுவிழந்தது" என்று கேட்டதும் கதவைத் திறந்துகொண்டு கிளம்பாதீர்கள். 2024இல் ஃபெஞ்சல் கரையேறி வலுவிழந்த பிறகுதான், கடலே தெரியாத ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. காற்று அடங்கினாலும் மழை அடங்கியதாக ஆகாது.

10. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ஒரு மழை ராத்திரியில் "ஏரி உடைஞ்சிடுச்சாம்" என்று என் போனுக்கு வந்ததை அப்படியே தெருவுக்குச் சொன்னேன். ஏரி உடையவில்லை. இருட்டில் இறங்கி ஓடிய எதிர்வீட்டு அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தோலில் ஓட்டை போடுமுன் அளக்கத் தெரிந்த எனக்கு, பேச்சை அளக்கத் தெரியாமல் போயிற்று. யார் சொன்னது, எப்போது, எந்த ஏரி என்று மூன்றும் தெரியாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். சந்தேகம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு, 1077க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அந்த அக்கா இன்றும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். மழை பிடித்தால் எங்கள் வீட்டுக் கொள்ளு ரசத்தில் முதல் கிண்ணம் அவர் வீட்டுக்குத்தான் போகும். எவ்வளவு பெய்தது என்று கேட்பார். பேரன் நோட்டைப் பார்த்துச் சொல்வான்.