செசியைத் தட்டிப் பார்

பதுளை

அன்புள்ள மருமகனே,

உன் கடிதம் கிடைத்தது. கொஸ்லந்தையில் சீரிஸ் 3 லேண்ட்ரோவர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, அதை வாங்கினால் தியலும மேல்நீர்வீழ்ச்சிக்கு வருகிறவர்களை மாக்கல்தெனிய வரை ஏற்றி இறக்கலாம், தோட்டத்து ஹயரும் ஓடலாம் என்று எழுதியிருந்தாய். யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கடிதத்தில் பாதிக்கு மேல் அதன் பெயின்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய். எனக்குக் கவலை தந்தது அதுதான்.

அந்த வண்டியின் பாடித் தகடுகள் பெரும்பாலும் அலுமினியக் கலவை. 1948-இல் முதல் லேண்ட்ரோவர் வந்தபோது, யுத்தம் முடிந்த இங்கிலாந்தில் இரும்புத் தகடு பங்கீட்டில்தான் கிடைத்தது. அலுமினியம் தாராளமாகக் கிடைத்ததால் ரோவர் கம்பெனி அதில் பாடியைச் செய்தது. சீரிஸ் 3 வந்தது 1971-இல். 1985 வரை செய்தார்கள். ஆகவே நீ பார்த்த வண்டிக்கு என்ன வயதானாலும் அந்தத் தகடுகள் துருப்பிடித்துக் காட்டாது. துரு பெரும்பாலும் கீழே செசியில் இருக்கும். அந்தச் செசி நான்கு பக்கமும் தகடு வைத்து ஒட்டிய இரும்புப் பெட்டி, நடுவே வெறும் பொந்து. நம் மலை ரோட்டுச் செம்மண் உள்ளே போய் அடைந்து, பனியில் ஈரம் காயாமல் கிடந்து, உள்ளிருந்தே அரித்துவிடும். வெளியே கறுப்புப் பெயின்ட் அடித்தால் ஒன்றும் தெரியாது.

சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படு. பின் சக்கரங்களுக்குப் பின்னால் குறுக்கே ஓடும் சட்டத்தில் தொடங்கு. ஸ்பிரிங் பிளேட் மாட்டியிருக்கும் இடங்கள், பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகள், எல்லாவற்றையும் மெல்லத் தட்டிக்கொண்டே முன்னுக்கு வா. நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். அரித்த இரும்பு சத்தமில்லாமல் அமுங்கும், சில இடத்தில் துரு செதிலாக முகத்தில் கொட்டும். பழைய ஓட்டைக்கு மேல் புதுத் தகடு ஒட்டியிருந்தால் அதன் ஓரத்தையும் தட்டு. செசி போயிருந்தால் இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வேண்டாம். இன்ஜினை இறக்கி வேலை பார்க்க பண்டாரவளையிலும் பதுளையிலும் பாஸ்மார் இருக்கிறார்கள். செசியை மாற்றுவது வண்டியையே திரும்பக் கட்டுவது.

நம் நாட்டில் இந்த வண்டிகள் பலவற்றுக்கு ஜப்பான் டீசல் இன்ஜின் போட்டிருக்கிறார்கள். அதில் குறையில்லை. மலை ரோட்டில் பழைய பெற்றோல் இன்ஜின் குடிக்கிற குடிக்கு, 2022-இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாம் பயப்படத்தான் வேண்டும். ஆனால் மாற்றிய இன்ஜினின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைவது நீதான். இன்சூரன்ஸையும் ஹயருக்கென்று சொல்லியே எடு. விலை கூட என்கிறாய். 2020-இல் வாகன இறக்குமதி நின்றபோது பழைய வண்டிக்காரர் கேட்டதுதான் விலை என்றாகிவிட்டது. இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டுப் பேசு.

இனி ஓட்டும் விஷயம். மஞ்சள் குமிழ் லீவரை அமுக்கினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். தார் ரோட்டில் அதைப் போடாதே. வளைவில் முன் சக்கரம் ஓடும் தூரமும் பின் சக்கரம் ஓடும் தூரமும் வேறு. அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. முறுக்கு ஏறி ஏறிக் கடைசியில் அச்சு முறியும். சேற்றிலும் கல் ரோட்டிலும் டயர் கொஞ்சம் வழுக்கி முறுக்கைக் கழற்றிவிடும். சிவப்புக் குமிழ் லீவர் லோ கியருக்கு. வண்டியை நிறுத்திவிட்டுத்தான் பின்னால் இழுக்க வேண்டும்.

இதைக் கவனமாகப் படி. நான்கு சக்கரமும் இழுப்பது ஏற்றத்துக்கு. நிறுத்துவதற்கு அதனிடம் மேலதிகமாக ஒன்றுமில்லை. கார் ஒன்றுக்கும் பிரேக் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது. இதிலோ நான்கும் ட்ரம் பிரேக். பெரகலையில் இருந்து கொஸ்லந்தைக்கு இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. தண்ணீரைத் தாண்டியதும் கொஞ்ச தூரம் பிரேக்கை மெல்ல மிதித்து ட்ரம்மைக் காயவை.

தியலும பக்கம் பத்தனைப் புல்வெளியில் வண்டியை ஏற்றாதே. வருகிறவர்கள் கேட்பார்கள், கூடக் காசும் தருவார்கள். இன்று விழும் சக்கரத் தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகும். வண்டி பாதையில் நிற்கட்டும், அவர்கள் நடக்கட்டும்.

மழை பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தவில் மண் இறங்கி லயங்களை மூடியதை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்த இடம் அது. அவர்கள் சொல்லும் கணக்கை வண்டியிலேயே எழுதி ஒட்டிவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் கிளம்ப ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். ரோட்டோரத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி ஓடும் ஊற்று, இவற்றில் எதைக் கண்டாலும் திருப்பு. லேண்ட்ரோவர் சேற்றில் ஏறும் வண்டி; மலையே நகர்ந்தால் அதற்கும் வழியில்லை. லயத்தில் இருந்து ஆட்களை இறக்குவதென்றாலும் கடைசி மழைக்குக் காத்திராமல் முன்னாலேயே இறக்கு.

ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே. நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று உடையவரிடம் இப்போதே சொல்லிவை. காலைக் குளிரில் அது எத்தனை சுற்றில் பிடிக்கிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்று நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மாமா