இழை வழியும் அலை வழியும்: சிற்றூர் இல்லங்களுக்கு இணையம்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், திருப்பதி மாவட்டத்தை ஒட்டி அமைந்துள்ள மண்டலம் வெதுருகுப்பம். ‘வெதுரு’ என்னும் தெலுங்குச் சொல்லுக்கு மூங்கில் என்பது பொருள். ‘குப்பம்’ தமிழர்க்கு விளக்க வேண்டாத சொல். 1911ஆம் ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாக அமையும்வரை வட ஆர்க்காட்டோடு இணைந்திருந்த இப்பகுதியில் இரு மொழிகளும் இவ்வாறு கலந்து வழங்குவது இயல்பே. பாறைக் குன்றுகள், மாந்தோப்புகள், ஏரிப் பாசன வயல்கள், இவற்றினிடையே சிதறிக் கிடக்கும் சிறு குடியிருப்புகள் என்பதே இந்நிலத்தின் அமைப்பு. ஊராட்சியின் தலைமைச் சிற்றூரில் வீடுகள் நெருங்கியிருக்கும். அதனைச் சார்ந்த குடியிருப்புகளோ தோப்புகளுக்கு அப்பால், சில வேளைகளில் ஒரு குன்றுக்கு மறுபுறம், பத்துப் பதினைந்து வீடுகளாக நிற்கும்.

இத்தகைய பகுதியில் ஓர் இல்லத்திற்கு இணையத் தொடர்பு பெறுவதற்கு இன்று இரு வழிகள் உள்ளன. ஒன்று, கண்ணாடியாலான ஒளியிழையை வீடு வரை இழுப்பது. மற்றொன்று, தொலைபேசிக் கோபுரத்திலிருந்து வரும் வானலைகளைக் கூரைமேல் பொருத்திய கருவியால் பெறுவது. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் திரைக்கு மாறியபொழுது, தொடர்புள்ள வீட்டுப் பிள்ளைக்கும் தொடர்பற்ற வீட்டுப் பிள்ளைக்கும் இடையே எழுந்த இடைவெளியை நாடு முழுவதும் கண்டது. ஆகவே இவ்விரு வழிகளுள் எது தக்கது என்பதை விளம்பரங்களைக் கொண்டு முடிவு செய்வதற்கில்லை. குடும்பத் தலைவரும், ஊராட்சிக்குத் திட்டமிடும் அலுவலரும் இரண்டின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இழையின் இயல்பு

மயிரிழை போன்ற கண்ணாடியின் வழியே ஒளியைச் செலுத்திச் செய்தி அனுப்ப இயலும் என்பதை 1966இல் சார்லஸ் காவ் ஆய்வு வாயிலாக நிறுவினார். அதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்றார். ஒளியிழைத் துறையின் முன்னோடிகளுள் நம் நாட்டில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஒருவர். 1970இல் கார்னிங் நிறுவனம் உருவாக்கிய இழையில் ஒரு கிலோமீட்டருக்கு 20 டெசிபல் அளவிற்கும் குறைவாக ஒளி இழப்பு இருந்தது. இன்றைய இழைகளில் அது 0.2 முதல் 0.35 டெசிபல் வரையே.

வீடுகளுக்கான இணைப்பில் பெரும்பாலும் கையாளப்படுவது ‘ஜிபான்’ எனப்படும் முறை. இதில் நிலையத்திலிருந்து புறப்படும் ஒரே இழை, வழியில் மின்சாரம் தேவைப்படாத ஒரு பிரிப்பானால் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிரப்படுகிறது. நிலையத்திலிருந்து வீட்டை நோக்கி நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட்டும், வீட்டிலிருந்து நிலையத்தை நோக்கி 1.25 ஜிகாபிட்டும் செல்லும். 32 வீடுகளும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் பயன்படுத்தினாலும் ஒவ்வொன்றிற்கும் 78 மெகாபிட் அளவிற்குக் கிடைக்கும். தூர எல்லை சுமார் 20 கிலோமீட்டர். ஒரு மண்டலத்தின் பெரும்பகுதியை ஒரே நிலையத்தால் எட்டிவிடலாம்.

கண்ணாடி மின்கடத்தியன்று. எனவே பழைய செப்புக் கம்பித் தொலைபேசியைப் போல, எங்கோ விழுந்த இடியின் மின்சாரத்தை அது வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. மலையடிவார ஊர்களில் இது சிறிய நன்மையன்று.

அலையின் இயல்பு

வானலையில் இத்தகைய தாராளம் இல்லை. காற்று பொதுச் சொத்து. அதில் கிடைக்கும் அலைக்கற்றையை ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2022இல் நடைபெற்ற ஏலத்தில் ஜியோ, ஏர்டெல் ஆகிய நிறுவனங்கள் 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒவ்வொரு வட்டத்திலும் நூறு மெகாஹெர்ட்ஸ் அளவிற்குப் பெற்றன. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கியது. 2023 ஆகஸ்டில் ஏர்டெல் நிறுவனமும் செப்டம்பரில் ஜியோ நிறுவனமும் இதே அலைகளைக் கொண்டு வீடுகளுக்கான சேவையை ‘ஏர்ஃபைபர்’ என்னும் பெயரில் அறிமுகம் செய்தன. பெயரில் இழை இருப்பினும் வீட்டை எட்டுவது இழையன்று என்பதை மாணவர் நினைவிற்கொள்க.

ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். நூறு மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில், ஒரு ஹெர்ட்ஸுக்குச் சராசரியாக 5 பிட் என்று எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். கோபுரத்தின் ஒரு முகத்திற்கு நொடிக்கு 500 மெகாபிட் ஆகிறது. அதில் நான்கில் மூன்று பங்கு வீடுகளை நோக்கி ஒதுக்கப்பட்டால் 375 மெகாபிட். தெளிவான ஒரு படக்காட்சிக்குச் சுமார் 5 மெகாபிட் தேவை. இரவு ஒன்பது மணிக்கு நாற்பது வீடுகள் படம் பார்த்தால் 200 மெகாபிட், எவருக்கும் குறையில்லை. எண்பது வீடுகள் பார்த்தால் 400, கொள்ளளவு கடந்துவிட்டது. அதே முகத்தின் கீழ் உள்ள கைப்பேசிகளின் பங்கு இக்கணக்கில் இன்னும் சேரவில்லை. நண்பகலில் சோதித்துப் பார்த்து மகிழ்ந்தவர் இரவில் ஏமாற்றமடைவதன் காரணம் இதுவே.

நிலத்தின் அமைப்பும் அலையைப் பாதிக்கும். 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் குன்றின் விளிம்பில் ஓரளவு வளைந்து இறங்கும். ஆயின் அப்பட்டையில் கிடைக்கும் அகலம் குறைவு. 3.3 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அகலம் உண்டு, வளையும் தன்மை குறைவு. 26 கிகாஹெர்ட்ஸ் அலையை இலையும் கனமழையும் தடுக்கும். வெதுருகுப்பம் போன்ற பகுதிகளில் கவனிக்க வேண்டியது மாமரம். அது இலை உதிர்க்கும் மரமன்று. ஆண்டு முழுவதும் அடர்ந்த தழையோடு நிற்பது. கோபுரத்திற்கும் வீட்டிற்கும் இடையே தோப்பு இருப்பின், கருவியைக் கூரையில் வைப்பதோடு நில்லாமல் தழைக்கு மேலே உயர்த்த வேண்டியிருக்கும்.

அலை வழியைத் தாழ்வாக எண்ணிவிடவும் கூடாது. தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனை 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் துணையுடன், நெடுந்தூர வைஃபை இணைப்புகளால் சிற்றூர்க் கண் பரிசோதனை நிலையங்களைத் தன்னுடன் இணைத்தது. மருத்துவமனையில் இருந்த மருத்துவர், பல கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த நோயாளியிடம் திரையில் முகம் பார்த்துப் பேசினார். இணைக்க வேண்டிய இடங்கள் சில, நேர்ப்பார்வை கிடைத்தது, அலையைப் பங்கிட வேறு எவருமில்லை. அந்நிலையில் வானலையே சிக்கனமான வழியாயிற்று.

ஆந்திரத்தின் சோதனை

இழையின் பெருங்குறை செலவு. அச்செலவிலும் பெரும்பங்கு இழைக்கன்று, பள்ளம் தோண்டுவதற்கே. இந்தச் சிக்கலுக்கு ஆந்திர மாநில அரசு வேறொரு விடை கண்டது. 2015இல் அமைக்கப்பட்ட மாநில ஃபைபர்நெட் நிறுவனம், நிலத்தைத் தோண்டாமல், முன்பே நின்ற மின்கம்பங்களில் இழையைத் தொங்கவிட்டது. முதற்கட்டமாக 20,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வடம் இவ்வாறு அமைந்தது. 2017 டிசம்பர் 27 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மாதம் ரூ. 149 என்னும் தொடக்கக் கட்டணத்தில் தொலைக்காட்சி, தொலைபேசி, இணையம் மூன்றும் ஒரே இழையில் அறிவிக்கப்பட்டன. வீடு வரையிலான கடைசி இழையை இழுக்கும் பணி உள்ளூர்க் கேபிள் டிவிக்காரர்களிடம் விடப்பட்டது. அது நல்ல முடிவு என்றே கூற வேண்டும். தெருவையும் கம்பத்தையும் வீட்டாரையும் அறிந்தவர் அவரே.

அத்தொடக்கத் திட்டத்தில் முழு வேகத்தில் கிடைத்த அளவு மாதத்திற்கு 5 ஜிகாபைட். நாள்தோறும் நான்கு மணி நேரம் 5 மெகாபிட்டில் படம் பார்க்கும் வீட்டிற்கு ஒரு நாளைக்கே 9 ஜிகாபைட்டும், மாதத்திற்கு 270 ஜிகாபைட்டும் வேண்டும். கட்டணத்தை மட்டும் பார்த்து அளவைப் பாராதவர் எவ்வழியைத் தேர்ந்தாலும் இழப்பே அடைவர்.

இழை எட்டாத இடங்களுக்கு அலையையும் அம்மாநிலம் நாடியது. ஒளிக்கற்றையை இழையின்றிக் காற்றினூடே நேராகச் செலுத்தும் கருவிகளைக் கொண்டு 2,000 இணைப்புகள் அமைக்கும் ஏற்பாட்டினை, ஆல்பபெட் நிறுவனத்தின் ‘எக்ஸ்’ பிரிவு 2017 டிசம்பரில் அறிவித்தது. இதே தொழில்நுட்பம் பின்னர் ‘தாரா’ என்னும் பெயரில், காங்கோ ஆற்றின் இரு கரைகளிலுள்ள பிராசவில், கின்ஷாசா நகரங்களை 2021இல் இணைத்தது. நேர்க்கோட்டில் ஏறத்தாழ 5 கிலோமீட்டரே. இழையோ 400 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வந்தது. மூடுபனிதான் இக்கருவியின் பகை.

பழுது என்னும் செலவு

தேர்வு செய்வோர் பெரும்பாலும் வேகத்தையே கேட்கின்றனர். பழுதுபார்ப்பைக் கேட்பவர் சிலரே. ஆனால் சிற்றூர்களில் இழைத் தொடர்பின் வெற்றி தோல்வியை முடிவு செய்வது பழுதுபார்ப்பே.

கம்பத்தில் தொங்கும் வடத்தைச் சாய்ந்த கிளை அறுக்கும். உயரமாக வைக்கோல் ஏற்றிய வண்டி இழுக்கும். அணிலும் எலியும் கடிக்கும். மண்ணில் புதைத்த வடத்தைச் சாலை அகலப்படுத்தும் இயந்திரமும் குடிநீர்க் குழாய் பதிக்கும் பணியும் அறுக்கும். அறுந்த இழையைச் செப்புக் கம்பியைப் போல முறுக்கிவிட இயலாது. இரு முனைகளையும் நுண்ணிய கருவியால் உருக்கி ஒட்ட வேண்டும். அக்கருவியும் அதனை இயக்கத் தெரிந்தவரும் மண்டலத்திலேயே உள்ளனரா, அன்றி மாவட்டத் தலைநகரிலிருந்து வர வேண்டுமா என்பதில்தான் ஒரு நாள் தடையும் ஒரு வாரத் தடையும் வேறுபடுகின்றன.

இதிலும் ஒரு கணக்கு உண்டு. ஜிபான் முறையில் நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடையே தாங்கக்கூடிய ஒளி இழப்பு பொதுவாக 28 டெசிபல். 32 வீடுகளுக்கான பிரிப்பான் சுமார் 17 டெசிபல் எடுத்துக்கொள்ளும். பத்துக் கிலோமீட்டர் இழைக்கு 3.5, இணைப்பிகளுக்கும் ஒட்டுகளுக்கும் 2.5. மீதம் 5 டெசிபல். நன்கு உருக்கி ஒட்டிய ஒட்டில் இழப்பு 0.1 டெசிபலுக்கும் குறைவு. அவசரமாகச் செய்த ஒட்டில் 0.5 ஆகலாம், அத்தகைய பத்து ஒட்டுகளில் மீதம் முழுவதும் கரைந்துவிடும். சில ஆண்டுகளில் பலமுறை அறுந்து ஒட்டப்பட்ட வடம், வெளிப்பார்வைக்கு முழுமையாக இருந்தும் வேலை செய்யாமல் போவது இப்படித்தான். வீட்டுக் கருவிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு, பொருத்தும் நாளில் மைனஸ் 27 டெசிபல்-மில்லிவாட் என்னும் எல்லையை நெருங்கியிருந்தால் அவ்விணைப்பை ஏற்றுக்கொள்ளாமலிருப்பது நலம். மைனஸ் 20ஐ ஒட்டியிருந்தால் அச்சமில்லை.

அலை வழியில் அறுபடும் கம்பியில்லை. கோபுரம் பழுதானால் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர் ஒரே நேரத்தில் முறையிடுவர். நிறுவனமும் விரைந்து வரும். தனி வீட்டு இழை அறுந்தால் முறையிடுபவர் ஒருவரே. மின்வெட்டைப் பொறுத்தவரை, கோபுரம் மின்கலத்திலோ டீசலிலோ ஓடும். வீட்டுக் கருவிக்கு இரு வழியிலும் மின்சாரம் வேண்டும். 12 வோல்ட் தரும் சிறிய மின்கலப் பெட்டி ஒன்றைக் குடும்பத்தினர் வாங்கி வைத்தால் போதும்.

தேர்வு

வீடுகள் நெருங்கியுள்ள தலைமைச் சிற்றூரில், கம்பத்தில் இழை வந்துவிட்டதெனில், வேறெதையும் ஆராய வேண்டுவதில்லை, இழையே தக்கது. படிக்கும் பிள்ளைகள் இருவர், தொலைவிலிருந்து அலுவல் பார்ப்பவர் ஒருவர் உள்ள வீட்டிற்கு இது இன்னும் பொருந்தும். தோப்புக்கு அப்பாலுள்ள பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்பிற்கு, இரண்டு மூன்று கிலோமீட்டர் வடம் இழுத்து அதனைக் காக்கும் செலவு கட்டணத்தால் ஈடாகாது. கோபுரம் கண்ணுக்குத் தெரியுமாயின் அங்கு அலையே முறை. நியாயவிலைக் கடையின் விரல்ரேகைச் சரிபார்ப்புக் கருவி போன்றவற்றிற்கு மிகச் சிறிய அளவு தரவே போதும். அங்கு வேண்டுவது வேகமன்று, இடையறாமை. அத்தகைய இடங்களில் அலையை முதன்மையாகவோ இழைக்குத் துணையாகவோ வைத்துக்கொள்ளலாம்.

அலுவலர்கள் அடிக்கடி மறக்கும் செய்தி ஒன்றுண்டு. கோபுரமும் தன் தரவை எங்கிருந்தோ பெற வேண்டும். அதற்கு ஏற்ற வழி இழையே. இழை எட்டாத கோபுரம் எத்தலைமுறையினதாயினும் தன் முழுத்திறனைத் தராது. அதுபோலவே, ஊராட்சி வரை வரும் இணைப்பு ஒரு ஜிகாபிட்டாக இருந்து, அதில் இருநூறு வீடுகள் சேர்க்கப்பட்டால், அனைவரும் ஒருங்கே பயன்படுத்தும் வேளையில் வீட்டிற்கு 5 மெகாபிட்டே கிடைக்கும். வீட்டுவாசலில் தொங்குவது இழை என்பதால் மட்டும் வேகம் கூடிவிடாது. ஆகவே ஊராட்சி வரையிலான இழை பொதுப்பணத்தில் அமைய வேண்டிய அடித்தளம். அங்கிருந்து வீடு வரை இழையா அலையா என்பது அந்தந்தக் குடியிருப்பின் கேள்வி.

2011இல் தேசிய ஒளியிழை வலையமைப்பு என ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய திட்டத்தின் முதற்கட்டம், வட்டாரத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிகளுக்கு ஒற்றை வழியாகவே வடத்தைக் கொண்டு சென்றது. இடையில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கப்பால் உள்ளவை அனைத்தும் இருளில் ஆழும். 2023 ஆகஸ்டில் ரூ. 1,39,579 கோடி மதிப்பீட்டில் ஏற்கப்பட்ட திருத்திய திட்டம் வடத்தை வளையமாக அமைக்கவும், அமைப்பவரே பத்தாண்டுக் காலம் பராமரிக்கவும் வகை செய்கிறது. வளையத்தில் ஒருபுறம் அறுந்தாலும் மறுபுறமாகத் தொடர்பு வந்து சேரும்.

மண்டல அளவில் இதற்குத் துணையாகச் செய்யக்கூடிய பணி பெரிதன்று. எக்கம்பத்தில் எத்தனை இழை கொண்ட வடம் செல்கிறது, அதில் எத்தனை இழைகள் பயனின்றி உள்ளன, எங்கெங்கு ஒட்டுகள் போடப்பட்டன என்பவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். கம்பங்களின் உரிமை திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு மின் பகிர்மான நிறுவனத்திடமும், வடங்களின் உரிமை பிறரிடமும் இருப்பதால், சாலைப் பணிக்காகக் கம்பம் இடம் மாற்றப்படும்போது அப்பதிவேட்டைப் பார்த்து முன்னரே அறிவிக்கும் பொறுப்பு ஊராட்சிச் செயலரிடம் இருக்கலாம்.